மான்சாவின் பிள்ளை

"அது சரி, அந்தப் பிள்ளைக்கு அப்பன் யாரு?"

சனாட்டு இப்படிக் கேட்டதும், அவள் தலையைப் பின்னிக்கொண்டிருந்த அஃப்ரியேயின் விரல்கள் பின்னலிலேயே நின்றுவிட்டன. அவள் கூச்சக்காரி. கையில் யாருடைய தலையாவது இருந்தால்தான் வாயில் கதை வரும். குமாசிச் சந்தையில், கொனாடுவின் சடை பின்னும் கடைக்கு அந்தக் கதைக்காகவே கூட்டம் வரும். சனாட்டு மட்டும் புதியவள். நேற்றுதான் வடக்கிலிருந்து வந்து இறங்கியிருந்தாள்.

"புருஷன்தான், அக்கா."

"அவன்தான் லாரி ஏறிப் போயிட்டானே. ஒரு மழை வந்து போச்சு, இன்னொரு மழையும் வந்து போச்சு, அப்புறம் மான்சாவுக்குப் பிள்ளை பொறந்துச்சுன்னு சொன்னே. யாருக்குக் காது குத்தறே?"

காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அஃப்ரியே அவசரமாகக் கதையிலிருந்து மழையை எடுத்துவிட்டு மாமரத்தை நட்டாள்.

"மாமரம் ரெண்டு தரம் காய்ச்சு ஓஞ்சுது, அப்பதான் பொறந்துச்சு."

"பாத்தியா, மாமரமும் அவளுக்கு எதிரா சாட்சி சொல்லுது."

"நடுவுல ஒரு நாள் புருஷன் வந்துட்டுப் போனான்."

"யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல."

"மாட்டிக்கிட்டவ எல்லாம் இதைத்தான் சொல்றா."

கொனாடு பொறுமையிழந்தாள். "கதையிலதான் தடுமாறுறே. ஞாயித்துக்கிழமை தையல்கார அட்டா வீட்டாளுங்க பொண்ணு கேட்டு, பாட்டிலோட கதவு தட்ட வராங்க. அங்கயாவது ஒழுங்கா சரின்னு சொல்லு. அந்த யாகுபுவை மறந்து தொலை."

யாகுபு வடக்கே தமாலேக்காரன். ஊரில் அறுவடை முடிந்ததும் மூட்டை தூக்க வருவான், உழவுக்குத் திரும்பிவிடுவான். கடைசியாகக் கிளம்பும்போது, "அப்பாவுக்கு முடியல. ரெண்டு மழைக்கு நான்தான் வயலைப் பாக்கணும். முடிஞ்சதும் வந்துடுறேன், காத்திரு" என்றான். அவள் காத்திருந்தாள். இரண்டு மழையும் பெய்து ஓய்ந்தன. தூசிக்காற்று வந்து உதடுகூட வெடித்துவிட்டது. அவன் வரவில்லை. அழுது முடித்து, அட்டாவுக்குத் தலையாட்டிவிட்டாள்.

"மான்சா மேல பழி போடாதே" என்று கொனாடு சனாட்டுவிடம் திரும்பினாள். "புருஷன் போகும்போதே அவ முழுகாம இருந்தா. முதல் மழை மக்காச்சோளம் விதைக்கிறப்ப, ரெண்டாவது மழை கிறிஸ்துமஸுக்கு முந்தி. ரெண்டும் முடிய ஒம்பது மாசம். மாமரமும் இங்க அதுக்குள்ள ரெண்டு தரம் காய்ச்சிடும். இதுல என்ன கள்ளத்தனம்?"

சனாட்டு வாயைப் பிளந்தாள்.

"ஒரே வருஷத்துல ரெண்டு மழையா? எங்க தமாலேல வருஷத்துக்கு ஒரே மழைதான்."

கடையே சிரித்தது. அஃப்ரியே சீப்பைச் சனாட்டுவின் மடியில் வைத்தாள். பாதி பின்னிய தலையை அப்படியே விட்டுவிட்டு, "அப்ப யாகுபுவுக்கு இன்னும் ஒரு மழை பாக்கி" என்று முணுமுணுத்தபடி, வடக்கே போகும் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள்.