ராணிக்குக் காப்புக் கட்டிய ஹாரன் அண்ணன்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் ஹாரன் அண்ணன் போடுகிற சத்தத்துக்கு வழிவிடாத எருமை ஒன்றுகூடக் கிடையாது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வண்டியின் ஹாரன் செத்துப் பல காலமாகிறது. மனுஷன் மாற்றவே இல்லை. தலையை வெளியே நீட்டி அவரே கத்துவார். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

எங்கள் நெசவாளர் தெருவில் ராணி என்றொரு நாய். வருஷத்துக்கு இரண்டு ஈத்து. குட்டிகளுக்கு வீடு பார்க்கும் பொறுப்பை ஹாரன் தானாகவே எடுத்துக்கொண்டார். எம்.ரெட்டியபட்டியில் இறங்கிப் போகிறவர் வீட்டில் பையைத் திறந்தால், வெண்டைக்காய்க்கு நடுவில் ஒரு குட்டி முழிக்கும். கடைசியில் ஜனங்கள் அவர் ஆட்டோவைக் கண்டாலே பஸ்ஸுக்கு ஓடினார்கள். இடம் கிடைக்காத குட்டிகள் லாரியில் அடிபட்டுச் செத்தன. எலும்பும் தோலுமாக ராணி அவற்றைத் தேடி ரோட்டோரம் அலைந்தது.

அதைச் சுற்றி ஆண் நாய்களின் சண்டை வேறு. தெரு கூடிப் பேசியது. இன்னொரு ஈத்து போட்டால் ராணியைச் சாக்கில் கட்டி, பாலவனத்தம் தாண்டி விட்டுவிடுவது என்று முடிவானது.

ஹாரன் துள்ளி எழுந்தார். "ஏலே, கருத்தடை ஆபரேசன் பண்ணிட்டா குட்டியும் கெடையாது, சண்டையும் கெடையாது. கால்நடை ஆஸ்பத்திரியில முகாம் போடுறாக. ஓசிதான்!"

"வாயில்லாச் சீவனை வெட்டுறதா? பாவம்ப்பா," என்றார் நாகமணியக்கா.

"சாக்குல கட்டச் சொன்னீகளே, அப்ப மட்டும் அதுக்கு வாய் இருந்துச்சாக்கா?"

ராணியை முகாமுக்குக் கூட்டிப்போவது என்று முடிவானது.

மயக்க ஊசி போடுவதால் முதல் நாள் சாயங்காலத்திலிருந்து ராணி வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஹாரன் வீடு வீடாகக் கத்திவிட்டு வந்தார். எங்கள் தெருவா கேட்கும்? அதுவரை கல்லெறிந்த கைகளெல்லாம், ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளை பசியோடு போகலாமா என்று உருகிவிட்டன. ஒரு வீட்டில் இட்லி, அடுத்த வீட்டில் கருவாட்டுச் சோறு. காலையில் ராணி அத்தனையையும் டாக்டரம்மாவின் செருப்பின்மேல் கக்கியது.

"அடுத்த வாரத்தோட முகாம் முடியுது. அன்னைக்காவது பட்டினியா கூட்டிட்டு வாங்க," என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த முகாமுக்கு முந்தின நாள் சாயங்காலம், ஹாரன் ராணியைக் குளிப்பாட்டி, கழுத்தில் மஞ்சள் துண்டு கோத்த கயிற்றைக் கட்டித் தெருவில் நிறுத்தினார்.

"ராணிக்குக் காப்புக் கட்டியாச்சு! மாரியாத்தாளுக்கு விரதம்! சோறு போடுறவுக ஆத்தாகிட்டப் பதில் சொல்லிக்கங்க!"

பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற ஊர் இது. வெளியே வந்த சோற்றுத் தட்டுகள் உள்ளே போயின.

நாகமணியக்கா மட்டும் விடவில்லை. "காப்புக் கட்டுனா ஊர் எல்லையத் தாண்டக் கூடாதேப்பா?"

"ஆஸ்பத்திரி என்ன மதுரையிலயா இருக்கு?"

அவ்வளவுதான். ஒரு வறுக்கி ரொட்டித் துண்டுகூட யாரும் போடவில்லை. ராணி ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றது. ஒவ்வொரு வீட்டிலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் தெருவே நின்றது. சாக்கு என்று வாயெடுத்தவர்கள்தான் முன்வரிசை. டாக்டரம்மா வெளியே வந்தார். "நல்லா இருக்கா. இனி சினை பிடிக்காது, கர்ப்பப்பையில சீழ் வைக்குற வியாதியும் வராது. உடம்பு தேறிடும்."

எல்லோரும் பெருமூச்சு விட்ட நேரத்தில் ஹாரன் கண் சொருகிப் பொத்தென்று உட்கார்ந்தார். நாகமணியக்கா ஓடிப்போய்ப் பிடித்தார்.

"என்னப்பா செய்யுது?"

"ஒண்ணுமில்லக்கா. நேத்துலருந்து சாப்பிடல."

"அடப் பாவி! காப்பு நாய்க்குத்தானே கட்டுன, நீ ஏம்ப்பா பட்டினி கெடந்த?"

சவாரிக்கு ஊரையே எழுப்புகிற மனுஷன், பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டும் கேட்காமலும் சொன்னார்:

"அது என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சுக்கா. எனக்கு எப்படிச் சோறு எறங்கும்?"