உறை பிரிக்காத உத்தமர்கள்

இந்த இனத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பார்த்தும் அடையாளம் தெரியாமல் விட்டிருப்பீர்கள். நாற்பது வயது தாண்டியிருக்கும், கண்ணாடி போட்டிருக்கும், வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும், கல்யாணப் பந்தியில் பாயசம் வருகிற நேரத்தில் கூடச் செல்போனைப் பார்த்துப் பெருமூச்சு விடும். பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டதோ, அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறோ என்று நீங்கள் பதறிப்போய் விசாரித்தால், "ஹார்ட்பவுண்ட அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டான்" என்று பதில் வரும். பழைய சூப்பர் ஹீரோ சித்திரக்கதைகள் கெட்டி அட்டையில் மறுபதிப்பாக வருவதற்குக் காத்திருப்பவர் இவர். காத்திருப்பவர் என்றுதான் சொன்னேன். படிப்பவர் என்று சொல்லவில்லை.

இவருக்குக் காகிதத்தின் கனம் தெரியும், பசையின் வாசனை தெரியும், புத்தக முதுகில் அச்சடித்த எண் ஒரு நூல் மேலே ஏறியிருந்தால் முந்தைய பாகத்தோடு சேர்த்து நிறுத்தும்போது வரிசை தப்பிவிடுமே என்று இரண்டு நாள் சோறு இறங்காது. கூரியர்க்காரர் பெட்டியைக் கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டால் கைக்குழந்தையைக் கீழே போட்டதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். எதிலும் இரண்டு பிரதி வாங்குவார். ஒன்று படிக்க, ஒன்று வைக்க. சரி, படிக்க வாங்கியதை எப்போது படிப்பார்? "ஆற அமரப் படிக்கணும்" என்பார். ஆறவும் மாட்டார், அமரவும் மாட்டார். பிளாஸ்டிக் உறையைப் பிரித்த மறுகணம் அது 'படித்த புத்தகம்' ஆகிவிடுகிறது. படித்த புத்தகத்தை இவர்களுக்குள் யாரும் மதிப்பதில்லை.

தென்காசியில் இந்த இனத்துக்கு உதாரண புருஷர் தாணுமாலயன். ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். நல்ல மனுஷன்தான், யாரையும் அதட்டிப் பேச மாட்டார். ஆனால் ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் முகம் கறுத்துப்போகும். வெளியூர்க்காரர்கள் நனைவதற்கென்றே ரயிலேறி வருகிற சாரல் இவருக்கு மட்டும் ஜென்ம விரோதி. ஊரும் உலகமும் ஐந்தருவியில் தலையைக் கொடுத்துவிட்டு நிற்கும்போது, இவர் பீரோவைத் திறந்து, ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா பொட்டலங்களை மாற்றிக்கொண்டிருப்பார். சீசனுக்கு வந்து தங்குகிற சொந்தக்காரர்களை "தண்ணி நல்லா விழுதா?" என்று கேட்பதற்கு முன்னால் "ஈரத்துண்ட எங்கன போட்டிய?" என்று கேட்பார். போன வருஷம் மதுரையிலிருந்து குடும்பத்தோடு வந்த அத்தை மகன், துண்டைப் பீரோவின் கைப்பிடியில் காயப்போட்டுவிட்டு, அன்றைக்குச் சாயந்திரமே லாட்ஜ் தேடிப் போகும்படி ஆயிற்று.

அந்தப் பீரோவுக்குள்தான் அவருடைய உயிர் இருக்கிறது. சொல்கிறேன்.

தாணுமாலயன் ஏழாம் வகுப்பு படிக்கும்போது பேருந்து நிலையத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு சித்திரக்கதை வாங்கினார். 'உப்புக் கோட்டையில் கந்தகக் கழுகு.' கந்தகக் கழுகு என்பவன் மஞ்சள் சிறகு கட்டிக்கொண்டு பறக்கிற மாவீரன். அவனுடைய எதிரி மௌனராஜா, முகமூடி போட்டவன், கதை முழுக்க ஒரு வார்த்தை பேசாதவன். கடைசியில் கழுகு அவனை மடக்கிப் பிடித்து, முகமூடியை உருவி, "நீயா?" என்று கேட்கிறான். அவ்வளவுதான் புத்தகம். மீதிப் பதினாறு பக்கத்தைக் கடைக்காரர் வேர்க்கடலை மடிக்கக் கிழித்திருந்தார்.

யார் அந்த 'நீயா'? தாணுமாலயன் பத்தாம் வகுப்பு எழுதினார், பட்டம் வாங்கினார், வேலைக்குப் போனார், மீனாவைக் கட்டினார். இந்தக் கேள்வி மட்டும் கூடவே வந்தது. கல்யாணமான புதிதில், குண்டாறு அணைக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது, மனைவியிடம் அவர் முதன்முதலாக மனசுவிட்டுப் பேசியது இதைப் பற்றித்தான். மீனா பாவம், வேறு எதையோ எதிர்பார்த்திருந்தாள்.

அப்படியானால் முழுப் பிரதி அவருக்குக் கிடைக்கவே இல்லையா என்று கேட்பீர்கள். கிடைத்ததே. கொல்லத்துக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கினார். முன்னூறு பேரிடம் விசாரித்து, அரைகுறை மலையாளத்தில் கெஞ்சி வாங்கியது. ஒரு பக்கம் மடங்காதது, ஒருவர் கைபடாதது, பாலித்தீன் உறைக்குள் போட்டு நாலு புறமும் டேப் ஒட்டி 'வாயிக்காத்தது' என்று எழுதி வந்தது. வாசிக்காதது. அந்த ஒரு சொல்தான் தாணுமாலயனைக் கட்டிப்போட்டுவிட்டது. டேப்பை உரித்தால் மௌனராஜா யாரென்று தெரிந்துவிடும். ஆனால் 'வாசிக்காதது' போய்விடும். இரண்டில் எது பெரியது? நீங்களும் நானும் கத்தரிக்கோலை எடுத்திருப்போம். அவர் அதைப் பீரோவின் மேல்தட்டில் படுக்க வைத்துப் பூட்டிவிட்டு, "ஹார்ட்பவுண்டு வரட்டும், அதுல படிச்சுக்கிடுவோம்" என்றார்.

ஹார்ட்பவுண்டு வருவதாக மதுரைப் பதிப்பகம் ஒன்று அறிவித்தது. தை மாசம் என்றார்கள், பிறகு சித்திரை என்றார்கள், பிறகு 'விரைவில்' என்றார்கள். 'தென்பொதிகை சித்திரக்கதை அன்பர்கள்' என்ற வாட்ஸப் குழுவில் தினமும் துக்கம் விசாரிப்பு நடந்தது. இந்தச் சமயத்தில் ஒருநாள் பதிப்பக ஆசிரியரே தாணுமாலயனைப் போனில் கூப்பிட்டார்.

"சார், எல்லாப் பக்கமும் கிடைச்சிருச்சு. கடைசிப் பதினாறு பக்கம் மட்டும் எங்கேயும் இல்லை. உங்ககிட்ட முழுப் பிரதி இருக்காமே. செல்போன்ல படம் எடுத்து அனுப்பினால்கூடப் போதும்."

தாணுமாலயன் பீரோவின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். "எங்கிட்ட இருக்கது சீல்டு காப்பி சார். அதப் பிரிக்க முடியாது. நீங்க கடையநல்லூர் ஜோஷ்வாட்ட கேளுங்க, அவர்ட்ட ஒண்ணு இருக்கு."

ஜோஷ்வாவிடம் கேட்டார்கள். அவருடையதும் சீல்டு. புளியறை சோதனைச் சாவடியில் ஏட்டாக இருக்கிற இசக்கிமணியைக் கைகாட்டினார். ராத்திரி பகலாக லாரிகளின் தார்ப்பாயை அவிழ்த்துப் பார்க்கிற இசக்கிமணி, சொந்த வீட்டில் ஒரு பாலித்தீன் உறையை அவிழ்க்க மறுத்து, "நம்ம தாணுமாலயன் அண்ணாச்சிட்ட கேளுங்க" என்றார். தாம் கொடுக்காவிட்டால் என்ன, மற்ற இருவரில் ஒருவர் கொடுத்திருப்பார் என்று மூவருமே நிம்மதியாகத் தூங்கினார்கள்.

கடைசியில், சரியாகச் சாரல் உச்சத்தில் இருக்கும்போது, புத்தகம் வந்து சேர்ந்தது. தாணுமாலயன் கதவு, ஜன்னலை எல்லாம் சாத்தி, மின்விசிறியைப் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வெளிப்பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த இரண்டு பிரதிகளின் எட்டு மூலைகளையும் விரலால் தடவிப் பார்த்தார். உறையோடு முகர்ந்தார். உறையோடு படம் பிடித்தார். பிறகு, "சாரல் முடியட்டும். இந்த ஈரத்துல பிரிச்சா தாளு நெளிஞ்சிரும்" என்று இரண்டையும் பீரோவில் வைத்துவிட்டார்.

குழுவில் விமரிசனங்கள் குவிந்தன. ஜோஷ்வா, 'வண்ணம் அபாரம்' என்று எழுதினார். இசக்கிமணி, 'கிளைமாக்ஸ் புல்லரிச்சிட்டு' என்று எழுதினார். எல்லோரும் எழுதும்போது தாம் எழுதாவிட்டால் நன்றாக இருக்குமா? 'இப்படி ஒரு முடிவை எதிர்பார்க்கவே இல்லை' என்று தாணுமாலயனும் எழுதிப் போட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. அவருக்குப் பள்ளியில் சிறப்பு வகுப்பு. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிற மீனாவுக்கு விடுமுறை. சாயந்திரம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது சாப்பாட்டு மேசைமேல் படிக்க வாங்கிய பிரதி திறந்து கிடந்தது. பக்கத்தில் கிழிந்த பிளாஸ்டிக் உறை. தாணுமாலயன் குடையை மடக்க மறந்து அப்படியே நின்றார்.

"இப்படிப் பாக்காதிய. படிக்கதுக்குன்னு வாங்குனததான படிச்சேன்" என்றாள் மீனா. "மொதல்ல இங்கன வந்து இதப் பாருங்க. முடிவே இல்ல."

பார்த்தார். கந்தகக் கழுகு முகமூடியை உருவி "நீயா?" என்று கேட்கிறான். அடுத்த பக்கம் வெள்ளை. அதற்கடுத்ததும் வெள்ளை. பதினாறு பக்கமும் நல்ல உயர்ந்த தாளில், மழமழவென்று, வெறுமையாக இருந்தன.

"பதிப்பகத்துக்குப் போன் பண்ணிக் கேட்டேன். மூணு பேருட்ட இருக்காம், மூணு பேரும் தரமாட்டேன்னுட்டாவளாம். எடத்த விட்டு வச்சிருக்கோம், கெடச்சா அடுத்த பதிப்புல போட்டுக்கிடுவோம்னு சொல்லுதாவ. யாரு அந்த மூணு பேரு?"

தாணுமாலயன் இசக்கிமணியைப் போனில் பிடித்தார்.

"ஏட்டையா, நேத்து கிளைமாக்ஸ் புல்லரிச்சிட்டுன்னு போட்டிருந்தியளே, எந்த எடத்துல புல்லரிச்சுது?"

மறுமுனையில் லாரி ஹாரன் மட்டும் கேட்டது. பிறகு இசக்கிமணி, "நீங்களும்தான முடிவ எதிர்பாக்கவே இல்லன்னு எழுதியிருந்திய" என்றார்.

அந்த விஷயத்தை அதற்குமேல் கிளற இரண்டு பேருக்குமே விருப்பமில்லை. உறை கிழிந்ததை மட்டும் விட்டுவிட்டு, வெள்ளைத் தாள் சங்கதியைத் தாணுமாலயன் சொன்னார். இசக்கிமணி துக்கப்பட்டதாகத் தெரியவில்லை, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணாச்சி, வெளிய சொல்லிராதிய. வெறுந்தாளோட வந்த பதிப்பு இனிமே வராது. சீல ஒடைக்காம வச்சிருக்கவன்தான் ராசா. ஒங்ககிட்ட ரெண்டும் அப்படியே இருக்குல்லா?"

தாணுமாலயன் போனை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஏழாம் வகுப்புப் பையனுக்கு எவ்வளவு ஏமாற்றம் இருந்ததோ அவ்வளவும், வட்டியும் முதலுமாக, திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. மீனாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. என்ன இருந்தாலும் கட்டின புருஷன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இதுக்குப்போயி ஏன் இப்படி இருக்கிய? அது யாருன்னு நான் சொல்லட்டா?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பீரோவுல மேல்தட்டுல இருந்துச்சுல்லா, கொல்லத்துல வாங்குனது. போன வருஷம் ஒங்க அத்தமவன் குடும்பத்த லாட்ஜ்ல கொண்டு விடப் போனியளே, அன்னிக்குச் சாயந்திரம் கரண்டும் இல்ல, ஒரு வேலயும் ஓடல. எடுத்துப் படிச்சேன். முடிவு என்னா முடிவுங்கிய. அந்தாளா இருப்பான்னு நான் நெனச்சே பாக்கல, அழுகையே வந்துட்டு. நீங்க ஹார்ட்பவுண்டுல படிக்கணும்னு ஆசையா இருந்தியளா, கெடுக்க வேண்டாம்னுதான் சொல்லல."

சொல்லிவிட்டு மீனா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டால் போதும், சொல்லிவிடுவாள். முப்பது வருஷத்துக்கு மேலாக அவர் நெஞ்சுக்குள் கேட்டுக்கொண்டிருந்த ஒரே கேள்விக்கு விடை அவருடைய வீட்டுக்குள், அவருடைய நாற்காலிக்கு அரை முழம் தள்ளி, நைட்டி அணிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. யார் என்று கேட்க வேண்டியதுதான் பாக்கி.

தாணுமாலயன் மெல்ல நிமிர்ந்தார்.

"டேப்ப எந்தப் பக்கம் உரிச்ச?"

மீனா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் பீரோவைத் திறந்து, அந்தப் பழைய பிரதியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், டேப்பின் விளிம்பை ஒவ்வொன்றாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பதிப்பகம் இப்போது 'முழுமைப் பதிப்பு' ஒன்றுக்கு முன்பதிவு ஆரம்பித்திருக்கிறது. தாணுமாலயன் இரண்டு பிரதி சொல்லிவைத்திருக்கிறார். அந்தப் பதினாறு பக்கத்தை யாராவது கொடுப்பார்கள் என்று மூன்று பேரும் காத்திருக்கிறார்கள்.

சிரிக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் போவதற்கு முன் ஒன்று. இவ்வளவு தூரம் படித்த உங்களுக்கு, 'அப்படியானால் மௌனராஜா யார்தான்?' என்று கேட்கத் தோன்றியிருந்தால் பயமில்லை, நீங்கள் தப்பித்தீர்கள். தென்காசிப் பக்கம் வந்தால் மீனாவைக் கேட்டுக்கொள்ளலாம். 'அந்த டேப் சுத்தமாக உரிந்ததா, தாளைப் பிய்த்துக்கொண்டு வந்ததா?' என்று தோன்றியிருந்தால், நான் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் வீட்டு அலமாரியை மட்டும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். நீங்கள் பத்திரமாக வைத்திருப்பதையெல்லாம் வீட்டில் வேறு யாரோ படித்து முடித்திருக்கக்கூடும்.