வேர்த்துச்சா?

தருமபுரி மாவட்டத்திலேயே எவர்சில்வர் டம்ளரைத் தண்ணீர் குடிக்கப் பயன்படுத்தாத ஒரே ஜீவன் எங்கள் டம்ளர் மேடம்தான்.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் உணவுப் பொருள்களைச் சோதிக்கும் சின்ன ஆய்வுக்கூடம் ஒன்றில் சில வருஷம் வேலை பார்த்தேன். மேடம் அங்கே தலைமை ஆய்வாளர். பெற்றவர்கள் வைத்த அழகான பெயர் ஒன்று அவருக்கு உண்டு, சம்பள நாளன்று மட்டும் வெளியே வரும். பளபளவென்று தேய்த்த ஒரு டம்ளர் அவர் மேசையில் எப்போதும் கவிழ்ந்திருக்கும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் தெரியாமல் அதில் டீ ஊற்றிக் குடித்துவிட்டார். மேடம் மத்தியானம் வரை டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்தார். சாயங்காலம் வரை அந்த ஆளைத் தேய்த்தார்.

விஷயம் இதுதான். எங்களிடம் கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற கிழட்டு இயந்திரம் ஒன்று இருந்தது, ஒரு பொருளில் என்னென்ன கலந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவது. பிரிந்து வருவதைக் கண்டுபிடிக்கும் அதன் டிடெக்டருக்குள் ஹைட்ரஜன் தீ எரிய வேண்டும். அந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது. புது இயந்திரமென்றால் திரையே சொல்லிவிடும், எங்களுடையது வாயைத் திறக்காது. ஹைட்ரஜன் எரிந்தால் நீராவி வருமல்லவா? மேடம் டிடெக்டரின் வாய்க்கு மேலே டம்ளரைப் பிடிப்பார், இல்லை எங்களைப் பிடிக்கச் சொல்வார். ஆவி படிந்து டம்ளர் வேர்த்தால் தீ எரிகிறது என்று அர்த்தம். அதனால் எங்கள் கூடத்தில் யாரும் குட்மார்னிங் சொன்னதில்லை. "வேர்த்துச்சா?" என்பார் மேடம். "வேர்த்துச்சு மேடம்" என்றால் வேலை தொடங்கும்.

புதியவர்களுக்குப் பாடம் எடுப்பதென்றால் மேடத்துக்குச் சோறு தண்ணி வேண்டாம். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு எல்லோரையும் மலையேற்றிவிடுவார்.

"தீர்த்தமல அடிவாரத்துல எல்லாரும் ஒண்ணாத்தான் ஏற ஆரம்பிக்கிறாங்க. மேல ஒவ்வொருத்தராத்தான் வந்து சேருறாங்க. மேல நின்னு எண்றவன்தான் டிடெக்டரு. அவனுக்குப் பேரெல்லாம் தெரியாது கண்ணு. எந்நேரத்துக்கு வந்தாங்கன்னு பாத்து நாமதான் பேரச் சொல்லணும்."

வந்தவர்களை எப்படி எண்ணுவது என்று கேட்டால், தீயில் போட்டு என்பார். "மலையேறி வந்தவங்களத் தீயிலயா மேடம் போடறது?" என்று ஒரு பக்திமான் பதறியே போனார். மேடம் அசரவில்லை. எரியும்போது துளித் துளியாய் மின்சாரம் பிறக்கிறது, நிறைய எரிந்தால் காகிதத்தில் பெரிய மேடு விழும், தண்ணீர் எரியாது என்பதால் அது இந்த டிடெக்டரின் கண்ணிலேயே படாது என்று அடுக்கினார். பக்கத்தில் இருந்த இன்னொரு டிடெக்டர் வேறு ரகம். தக்காளிக்கு அடித்த மருந்தில் குளோரின் இருந்தால் விடாது, எண்ணெய் வந்தாலோ திரும்பிக்கூடப் பார்க்காது. "ஆளுக்கொரு கொணம். நம்ம வூட்டுல இல்லியா?" என்று பாடத்தை முடிப்பார்.

ஒரு கோடை மத்தியானம் இண்டூரிலிருந்து ஒரு செக்குக்காரம்மா வந்தார். அவருடைய கடலை எண்ணெயில் பாமாயில் கலப்பதாக யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். மொத்தமாக வாங்கும் மளிகைக்கடைக்காரர், சோதனை ரிப்போர்ட் இல்லாமல் இனி ஒரு டின்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தக் கடை கைவிட்டால் செக்கு நின்றுவிடும். மேடம் அவரைத் தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தீயும் அணைந்தது. மறுபடி பற்றவைத்தோம். தீப்பிடிக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும், ஜெனரேட்டர் போட்ட கூச்சலில் அது காதில் விழவில்லை. மேடம் டம்ளரைப் பிடித்துப் பார்த்தார். நன்றாகவே வேர்த்திருந்தது.

எண்ணெயைச் செலுத்தினோம். காகிதத்தில் நேர்கோடு. மறுபடி செலுத்தினோம், மறுபடியும் நேர்கோடு. எட்டிப் பார்த்த மேனேஜர், "ஒண்ணுமே இல்லியே, இது எண்ணெய்தானா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார்.

செக்குக்காரம்மாவின் முகம் செத்துவிட்டது. "கடலையத் தவிர நான் எதையும் ஆட்டலீங்க" என்றார். குரல் உடைந்திருந்தது.

மேடம் மேனேஜரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்த அம்மா பக்கம் திரும்பினார். "நீங்க அழுவாதீங்க. எண்ணெயக் கரைக்க ஊத்துன திரவங்கூடத் தெரியலீங்க. அதுவாவது எரிஞ்சிருக்கணுமில்ல? குத்தம் உங்க எண்ணெயில இல்ல, என் அடுப்புல."

ஆனால் டம்ளர் வேர்த்ததே! டம்ளர் பொய் சொல்லாது என்பது மேடத்தின் வேதவாக்கு. அதை எடுத்து உருட்டிப் பார்த்தார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார், வைத்த மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். டம்ளர் சில்லென்று இருந்தது.

வெயிலில் நடந்து வந்த அந்த அம்மாவுக்கு, வேறு டம்ளர் தேடப் பொறுமையில்லாமல், மேடமேதான் தன் டம்ளரில் ஃபிரிட்ஜ் தண்ணீர் கொடுத்திருக்கிறார். குளிர்ந்த டம்ளர் தீ இல்லாமலே தானாக வேர்த்திருக்கிறது.

ஜெனரேட்டரை நிறுத்தி, கரண்ட் வரும்வரை காத்திருந்து பற்றவைத்தோம். 'டப்'. துடைத்து ஆறவைத்த டம்ளர் இந்த முறை நியாயமாக வேர்த்தது. கடலை எண்ணெயின் மேடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. பாமாயில் இருந்தால் ஓங்கி நிற்க வேண்டிய மேடு, கடலைக்கு உரிய அளவோடு அடங்கி நின்றது. ரிப்போர்ட்டை வாங்கிய செக்குக்காரம்மா மேடத்தின் கையை வெகுநேரம் விடவில்லை.

டம்ளரில் யாருக்கும் தண்ணீர் தரக்கூடாது என்று எழுதி ஒட்டிவிடலாமா என்று மேனேஜர் சீண்டினார். "தாகமா வந்தவங்களுக்குக் குடுக்கலாங்க. ஆற வச்சுப் புடிக்கணும், அவ்ளோதான்" என்றார் மேடம்.

இப்போது நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். இங்கே தீ எரிந்தால் திரையில் பச்சைப் புள்ளி வருகிறது, டம்ளருக்கு வேலையில்லை. மேடம் எப்போதாவது காலையில் போன் செய்வார். நல்லா இருக்கிறாயா என்றெல்லாம் கேட்க மாட்டார்.

"வேர்த்துச்சா?"

"வேர்த்துச்சு மேடம்" என்பேன். அந்தக் குரல் கேட்ட நாளெல்லாம் எனக்கு நல்ல நாள்தான்.