தீப்பெட்டி டீச்சரும் எங்கள் வீட்டுச் சீடையும்

தீயைக் கண்டுபிடித்தது யார் என்று எங்கள் கோட்டைத் தெருவில் அந்த நாளில் கேட்டிருந்தால், ஒருவரும் ஆதிமனிதன் என்று சொல்லியிருக்கமாட்டார்கள். தீப்பெட்டி டீச்சர் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அது பள்ளிக்கூட ரிஜிஸ்தரை விட்டு வெளியே வந்ததே இல்லை.

நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். வெள்ளைப் புடவை, இறுக்கிய கொண்டை. மற்றப் பெண்கள் சாவிக்கொத்தைச் செருகிக்கொள்ளும் இடத்தில் இவர் தீப்பெட்டியைச் செருகியிருப்பார். தெருமுனையில் இருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்தார் என்பது மரியாதைக்கு. கொளுத்திக் காட்டினார் என்பதே சரி. என் மகள் விசாலம் நாலாம் பாரத்தில் அவரிடம் படித்தாள். சாயங்காலம் அவள் வந்ததும் புருவம் இரண்டும் இருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பேன். பிறகுதான் எனக்குக் காப்பி இறங்கும்.

கந்தகமும் வெடியுப்பும் வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்கு டீச்சர் தாமே போவார். கடைக்காரர் எடை போட்டுக்கொண்டே, "எந்த அம்பலத்திலே உற்சவம், டீச்சர்?" என்பார்.

"நாலாம் பாரத்திலே" என்பார் டீச்சர், சிரிக்காமல்.

ஒருநாள் பெரிய தகர டப்பாவுக்குள் எரியும் மெழுகுவத்தி ஒன்றும் ஒரு பிடி அரிசிமாவும் வைத்து, மூடியைப் போட்டு, அடியில் இருந்த குழாய் வழியாக ஊதினார். பறந்த மாவு பற்றிக்கொண்டு, மூடி கூரை ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு வானத்துக்குப் போயிற்று. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்களாம். நான் பார்க்கவில்லை; ஆனால் நம்புகிறேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அம்பலம். அங்கே வேண்டிக்கொண்டவர்கள் பேரைச் சொல்லி வெடி போடுவது வழிபாடு. அந்த வெடிக்காரர் ஒரு நாள் டீச்சரிடம் சண்டைக்கு வந்துவிட்டார்.

"டீச்சரே, இது என்ன நியாயமாக்கும்? நான் திரி வைக்கறதுக்கு முன்னே இங்கே பொட்டறது. ஜனங்க அதையே தங்களோட வெடின்னு நெனச்சுத் தொழுதுட்டுப் போறா. நான் போடற வெடியைக் கேக்க ஆளில்லே!"

"உம்ம சாமிக்கு எந்த நேரம் வேணும்னு சொல்லும். நான் மாத்தி வெச்சுக்கிடுதேன்" என்றார் டீச்சர். மறுவாரம் சயன்ஸ் வகுப்பு தீபாராதனைக்கு இடைஞ்சல் இல்லாத நேரத்துக்கு மாறிவிட்டது.

இத்தனையும் எனக்கு வேடிக்கையாக இருந்திருக்கும், உள்ளே உட்கார்ந்திருந்தது என் பெண்ணாக இல்லாவிட்டால். ஐந்தாம் பாரத்தில் சயன்ஸா சரித்திரமா என்று ஓணம் லீவுக்குள் தகப்பன்மார் சொல்லிவிட வேண்டும். விசாலத்துக்குச் சயன்ஸ் என்றால் உயிர். எனக்கு அவள் உயிர். அசோகனும் அக்பரும் எப்போதோ செத்துப்போனவர்கள்; அவர்களால் ஒரு குழந்தைக்கும் தீக்காயம் வராது.

பெற்றோர் தினத்தன்று நேரிலேயே சொல்லிவிடுவது என்று போனேன். மேடையில் டீச்சர் ஒரு சீசாவிலிருந்து வாயுவை எடுத்துச் சோப்புக் குமிழிகளாக ஊதி மிதக்கவிட்டுக்கொண்டிருந்தார். சபையைப் பார்த்து, "இந்தக் கூட்டத்திலே நல்லாப் பயப்படுதது யாரு?" என்றார்.

முன்வரிசைப் பெண்கள் எல்லோரும் என்னைக் காட்டினார்கள். முதல் விரல் விசாலத்தின் விரல்.

"வாருங்க அய்யா. பயப்படுத கைதான் பாத்துப் பாத்து வெக்கும். தைரியசாலிக்கு நான் தீக்குச்சி குடுக்கமாட்டேன்."

நீளமான மூங்கிலின் நுனியில் மெழுகுவத்தியைக் கட்டி என் கையில் கொடுத்தார். குமிழியைத் தொட்டேன். டமார்! அடுத்து எனக்கு நினைவு வந்தபோது தலைமையாசிரியையின் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எந்த வழியாகப் போனேன் என்று இன்றுவரை தெரியாது.

"பாத்தியளா? கைக்கு ஒண்ணுமில்லே!" என்று டீச்சர் சபைக்கு அறிவித்தார்.

வீட்டுக்கு வந்ததும், "சரித்திரம்தான்" என்றேன். விசாலம் இரண்டு வேளை சாப்பிடவில்லை. நான் அசையவில்லை.

கோகுலாஷ்டமிக்கு முந்தின நாள் சாயங்காலம். என் மனைவி குளித்து மடியாக உட்கார்ந்து விறகடுப்பில் சீடை பொரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சீடை வெடித்தது. எண்ணெய் அடுப்பில் தெறித்தது. கண் மூடித் திறப்பதற்குள் வாணலி முழுவதும் தீ.

"ஏன்னா, வெறுதே நிக்கறேளே!" என்று அவள் கத்தினாள். நான் வெறுதே நிற்கவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிட்டேன்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த விசாலம், போட்ட உடுப்போடு சமையலறைக்குள் பாய்ந்தாள். ஸ்வாமி பட்சணம் செய்யும் இடத்தில் அது நெருப்பைவிடப் பெரிய அபாயம்.

"மடி போச்சுடி!" என்றாள் தாயார்.

"அப்பா! தண்ணி விடாதேங்கோ!" என்றாள் மகள். என்னை ஒரு தள்ளு தள்ளினாள். சுவரில் சாய்த்திருந்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துப் பக்கவாட்டில் நகர்த்தி வாணலியை மூடினாள். விறகை இழுத்து வெளியே போட்டாள். தீ சத்தமில்லாமல் அடங்கியது. குடம் என் கையிலேயே இருந்தது.

"டீச்சர் காட்டினாப்பா. எரியற எண்ணெயிலே ஒரு சொட்டு தண்ணிதான் விட்டா. ஜ்வாலை கூரையைத் தொட்டுது."

ஒரு சொட்டு. நான் ஒரு குடத்தோடு நின்றிருந்தேன். அடுப்புக்கு முன்னால் இருந்தது அவளுடைய தாயார்.

தூறலைப் பாராமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். டீச்சர் லேபரட்டரியில் சாமான் கழுவிக்கொண்டிருந்தார். மூச்சிரைக்கச் சொன்னேன்.

"மேலேருந்து போட்டாளா, நகத்தி மூடினாளா?"

"நகத்தித்தான்."

"ஒடனே தொறந்து பாத்தாளா?"

"இல்லே. சீடை என்னாச்சுன்னு பாக்கணும்னு அவ அம்மாதான் தவிக்கறா. விசாலம் விடமாட்டேங்கறா."

"நல்ல பிள்ளை" என்று சொல்லி முடிப்பதற்குள் டீச்சர் வாசல் தாண்டியிருந்தார். நான் அங்கே மாட்டியிருந்த அவருடைய குடையை எடுத்து விரித்துக்கொண்டு பின்னால் ஓடினேன், எட்ட முடியவில்லை.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் சமையலறையின் நடுவில் நின்றிருந்தார். இந்தத் தடவை மடியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. விசாலத்தை விளக்குப் பக்கம் திருப்பி, வலது கையால் அவள் விரல்களை, முழங்கையை, நெற்றியை, புருவத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"வலிக்குதா மக்களே?"

"இல்லை டீச்சர்."

"நெசமாட்டா?"

"நெசமா டீச்சர்."

நான், "டீச்சர், விசாலம் சயன்ஸே படிக்கட்டும்" என்றேன்.

"பின்னே? அடுத்த வாரம் பாஸ்பரஸ் காட்டுதேன்" என்றார். விசாலத்தின் புருவத்தை நான் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.

வாசல் வரை கொண்டுபோய்விட்டேன். படியிறங்கும்போதுதான் அவர் தம் இடது கையைப் பார்த்தார், நானும் பார்த்தேன். கழுவிக்கொண்டிருந்த கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கீழே வைக்க மறந்து, அத்தனை தூரமும் இறுகப் பிடித்துக்கொண்டே ஓடி வந்திருந்தார்.