நாற்காலியில் மாடி ஏறியவர்

எது போனாலும் நாற்காலியை மட்டும் விடுவதில்லை என்று அவர் முடிவு செய்திருந்தார். பதவியில் இருப்பவர்கள் விடாமல் பிடித்துக்கொள்ளும் நாற்காலி இல்லை. இது நிஜ நாற்காலி. அடியில் ஐந்து சக்கரம், முதுகில் கிழிந்த ரெக்சின், அசைந்தால் ஒரு கிறீச். அந்தக் கிறீச் அவருக்குப் பழகிப் பல வருடமாகிறது. சொந்தக் குறட்டை யாருக்குக் கேட்கிறது?

இன்சூரன்ஸ் ஆபீசில் மூன்றாவது மாடி. ஊரில் கார் இடித்தாலும் குழாய் வெடித்தாலும் அந்தக் கஷ்டம் ஒரு ஃபைலாக மாறி அவர் மேஜைக்கு வரும். எது நிஜம், எது புளுகு என்று பிரிப்பது அவர் வேலை. வேறு ஃபைல் வேண்டுமென்றால் காலால் ஓர் உந்து. நாற்காலி அலமாரிக்குப் போகும். பிரிண்டருக்கு இன்னோர் உந்து. சாப்பாடும் அதிலேயே. காலையில் லிஃப்டில் வந்தால் மாலையில் லிஃப்டில்தான் இறங்குவார். ஆபீசில் அவருக்கு மூலவர் என்று பெயர். உற்சவர் என்றால் வெளியே கிளம்ப வேண்டியிருக்குமே.

வீட்டில் அவருக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. இருப்பதிலெல்லாம் மடித்த துணி உட்கார்ந்திருக்கும். நகர்த்தப் போனால், "எடுத்ததுதான் எடுத்தீங்க, அப்படியே பீரோவுல வெச்சிடுங்க" என்பாள் மனைவி. வைத்துவிட்டு வருவதற்குள் வேறு துணி வந்துவிடும். மனுஷர் களைத்துப் போயிருந்தார். நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன களைப்பு என்று உலகம் கேட்கும். உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

இந்த நிலையில்தான் அவருடைய ரத்த அழுத்தம் மட்டும் எழுந்து நின்றது.

"ஜிம்முக்கெல்லாம் போக வேணாம் சார்" என்றார் டாக்டர். "ஆபீஸ்லயே அப்பப்ப எழுந்திருங்க. போன் வந்தா நடந்துக்கிட்டே பேசுங்க. ரெண்டு மாடி படியில ஏறி இறங்குங்க. கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்தாலே போதும். அடுத்த மாசம் பார்ப்போம்."

"குறையலைன்னா டாக்டர்?" என்று கேட்டாள் மனைவி.

"மாத்திரைய கூட்டணும்."

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "மாத்திரை எதுக்கு? குறையலைன்னா என் தம்பியை வரச் சொல்லிடறேன். கூடவே இருந்து பாத்துக்குவான்."

மச்சான் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். முன்பு ஒருமுறை வந்து தங்கியபோது விடியற்காலையில் விசில் ஊதி எழுப்பி, தெருவெல்லாம் ஓடவிட்டு, ஒற்றைக் காலில் நிற்கவைத்தான். அவன் ஊருக்குப் போன பிறகும் குக்கர் விசில் அடித்தால் இவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"வேணாம்மா. நான் மாடி ஏறிடறேன்" என்றார்.

"ஏறுறீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? என் டீ டைம்ல போன் பண்றேன். பேசிக்கிட்டே ஏறுங்க."

அவளுக்கும் ஆபீஸ் உண்டு. குடிநீர்ப் புகார்ப் பிரிவில் போன் எடுப்பவள். 'மூணு நாளா ஒரு சொட்டு தண்ணி வரலை' என்று ஒருவர் கத்தும்போதே, பின்னால் வாளி நிரம்புகிற சத்தத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே தொழில் என்றுகூடச் சொல்லலாம். எழுதின பொய்யை அவர் பார்ப்பார், பேசின பொய்யை அவள் கேட்பாள். இதை அவர் மறந்து போனதுதான் விதி.

மறுநாள் போன் வந்தது. அவர் ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்தார். எழுந்திருக்கவில்லை.

"ஏறுறீங்களா?"

"ஏறிக்கிட்டுதான் இருக்கேன்." புஸ் புஸ் என்று ஊதினார்.

"காலடிச் சத்தமே இல்லையே?"

"ரப்பர் செருப்பு."

"காலையில ஷூ போட்டுக்கிட்டுதானே போனீங்க?"

அவர் அவசரமாக ஷூவால் தரையை மிதித்தார். தப், தப்.

"இப்ப கேக்குது. கூடவே என்னங்க அது, கிறீச் கிறீச்னு?"

பல வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அது அவர் காதில் விழுந்தது.

"கைப்பிடி. பழைய கட்டிடம் இல்லையா, ஆடுது."

அந்தப் பக்கம் டீயை ஒரு வாய் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"பாவம். சரி, கெட்டியா பிடிச்சுக்கிட்டு ஏறுங்க."

போனை வைத்ததும் பக்கத்து மேஜை கேஷியர் எட்டிப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"எல்லாம் சரி சார். ஆனா ஆள் நடமாட்டமே இல்லாத மாடிப்படியா? சந்தேகம் வரும். நான் எதிர்ல வர்றேன்."

அடுத்த நாளிலிருந்து கேஷியர், தன் இடத்தில் உட்கார்ந்தபடியே, படியில் எதிரே வரத் தொடங்கினார். "அட, நீங்களா சார்? லிஃப்ட் என்னாச்சு?" என்பார். பிறகு குரலை மெலிதாக்கி, "பாத்துப் போங்கய்யா, தரை ஈரம்" என்று துப்புரவு அம்மாவாகவும் வருவார்.

"யாருங்க அது?" என்றாள் மனைவி.

"கேஷியர்."

"தினமும் அதே படியில நிக்கறாரே, அவருக்கு வேற வேலை கிடையாதா? அது கிடக்கட்டும். நீங்க வாயால ஊதறீங்க. மூச்சு நெஞ்சிலேருந்து வரணும். முட்டியை நல்லா தூக்கி வைங்க, தானா வரும்."

அவள் சொன்னது நியாயம்தான். வாயால் ஊதினால் ஊதல்தான் வரும். நிஜமாக மூச்சு வாங்கினால்தான் மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். அவர் உட்கார்ந்த இடத்திலேயே முட்டியைத் தூக்கித் தூக்கி வைத்தார். மேஜையின் அடிப்பலகை இடித்தது. ஒவ்வொரு மிதிக்கும் நாற்காலி பின்னால் ஓடியது. வயிற்றை எக்கி, மேஜை விளிம்பைப் பிடித்து இழுத்து, திரும்பவும் பழைய இடத்துக்கு வரவேண்டியிருந்தது.

அதோடு விட்டாளா?

"கையில தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டீங்களா? குலுங்குற சத்தம் வரலையே."

குலுக்கினார்.

"ஒரு கைதானா? இன்னொரு கை சும்மாதானே இருக்கு?"

கேஷியரின் பாட்டிலையும் வாங்கிக் குலுக்கினார். மேனேஜர் தற்செயலாக அறையிலிருந்து வெளியே வந்தது அப்போதுதான். மூலவர் இரண்டு கையிலும் பாட்டிலோடு முட்டியைத் தூக்கித் தூக்கி மிதிக்கிறார், இரைக்கிறார், மெல்ல மெல்லப் பின்னால் போகிறார். கேஷியர் பெண் குரலில் தரை ஈரம் என்கிறார். மேனேஜர் அப்படியே திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பொய் சொல்வது சுலபம். அவர் பொய்யைச் செய்துகொண்டிருந்தார். அதில்தான் எலும்பு கழன்றது. நிஜப் படியில் ஏறியிருந்தால் இதில் பாதிக் கஷ்டம்கூட இருந்திருக்காது என்று கேஷியரே ஒருநாள் சொன்னார். இவர் கேட்கவில்லை. கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

மாலையில் துவண்டுபோய் வீடு திரும்புவார். மனைவி நாற்காலியிலிருந்து துணியைத் தானே எடுத்து வைப்பாள்.

"ஏறி ஏறி களைச்சுட்டீங்க. உக்காருங்க."

அவருக்கு மனசு உறுத்தும். இப்படிப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று இருக்கும். ஆனாலும் உட்கார்ந்துவிடுவார்.

நடுவில் ஒருநாள் கீழே ஒரு கையெழுத்துக்காக அவரைக் கூப்பிட்டார்கள். இறங்கிப் போனவர் திரும்பும்போது லிஃப்ட் நின்றுவிட்டது. வேறு வழியில்லை, படியில் காலை வைத்தார். போன் வந்தது.

"ஏறுறீங்களா?"

"சத்தியமா ஏறுறேன்."

"மூச்சே வாங்கலையே? கைப்பிடிச் சத்தமும் காணோம். இன்னிக்கு ஏமாத்தறீங்க."

"ஐயோ, இன்னிக்குதான்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இன்னிக்குதான்?"

"இன்னிக்குதான் கைப்பிடியை ரிப்பேர் பண்ணினாங்க."

"அப்படியா. ரொம்ப சந்தோஷம்."

மூன்று மாடியும் ஏறி முடித்தும் தனக்கு இரைக்கவில்லை என்பதை அவர் கவனிக்கவே இல்லை. உண்மைக்குக் காலமில்லை என்று மட்டும் நொந்துகொண்டார். மறுநாள் வழக்கம்போல நாற்காலியில் மாடி ஏறினார்.

"மறுபடியும் கிறீச்சா? நேத்துதானே ரிப்பேர் பண்ணினாங்க?"

"மட்டமான வேலை."

"காலம் கெட்டுப்போச்சுங்க" என்றாள் அவள்.

டாக்டரிடம் போகிற நாள் வந்தது. அவர் முதல் நாளே சாப்பாட்டில் கை வைக்கவில்லை. காதுக்குள் விசில் கேட்டது. பொய்யாக ஏறின மாடிக்கு ரத்த அழுத்தம் எப்படி இறங்கும்? கையில் பட்டையைச் சுற்றியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பரவாயில்லையே" என்றார் டாக்டர். "நல்லா குறைஞ்சிருக்கு. தொப்பையும் கொஞ்சம் உள்வாங்கியிருக்கு. என்ன சார் பண்ணினீங்க?"

அவர் மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"மாடிப்படிதான் டாக்டர்" என்றார் அடக்கமாக.

"தினமும் போன்ல கேட்டுக்கிட்டேதான் இருந்தேன் டாக்டர்" என்றாள் மனைவி. "அந்தச் சத்தம் கேக்காட்டி எனக்கு டீ இறங்காது. தம்பிகிட்ட வர வேணாம்னு சொல்லிடறேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. மனைவி, டாக்டர், மச்சான். மூன்று பேரையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஜெயித்தவன் உலகத்தில் வேறு எவன்? துணி இல்லாத நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினார். இனிமேல் வாழ்நாளெல்லாம் இப்படியே ஓட்டிவிடலாம்.

மனைவி தையல் மெஷின் இழுப்பறையில் எதையோ தேடி எடுத்து வந்து, அவருடைய ஆபீஸ் பையில் வைத்தாள். மூக்கு நீண்ட சின்ன டப்பா.

"என்னம்மா அது?"

"மெஷின் எண்ணெய்."

"எனக்கு எதுக்கு?"

"ஒரு மாசமா காது கூசுதுங்க. நாளைக்குப் போனதும் முதல் வேலையா, உங்க மாடிப்படியோட சக்கரத்துக்கு ரெண்டு சொட்டு விடுங்க."