மழைமானியோடு ஒரு பஸ் பயணம்

அரைகுறையாகத் தெரிந்த மொழியைவிட அறவே தெரியாத மொழி ஆபத்தில்லாதது. தெரியாதவன் வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் மூடவில்லை.

மாறிவரும் காலநிலையைச் சமாளிக்க ஏழை நாடுகளின் விவசாயிகளுக்கு உதவுவதுதான் இன்று என் தொழில். அது தொடங்கியது யுத்த காலத்தில், கண்டியில். பல்கலைக்கழகம் முடித்த கையோடு, மலையகத்தின் மழையை ஆராய்ந்துகொண்டிருந்த பேராசிரியர் ஒருவரிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். மஹய்யாவையில் ஓர் அறை, மூன்று வேளையும் பாணும் பருப்பும், நெஞ்சு நிறைய உலகத்தைக் காப்பாற்றும் எண்ணம்.

புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பொருத்துவதற்கென்று வெளிநாட்டிலிருந்து மழைமானி ஒன்று வந்தது. கொண்டுபோக வேண்டிய வாகனம் பழுது.

"திங்கட்கிழமை மட்டும் பொறும் தம்பி," என்றார் பேராசிரியர்.

"இல்லை சேர், நான் பஸ்ஸிலேயே கொண்டு போறன்."

(திங்கட்கிழமைக்குள் மழை நின்றுவிடும் என்று எனக்குப் பயம்!)

அந்த மழைமானி எப்படி இருக்கும் என்று சொல்லிவிட வேண்டும். ஒரு தகர உருளை. பக்கத்தில் கறுப்புப் பெட்டி. இரண்டுக்கும் நடுவே சிவப்பும் மஞ்சளுமாக வயர்கள். கீறல் விழாமலிருக்க அதை நான் உடுக்கும் சாரத்தால் சுற்றி, உரப்பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டேன். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். இப்படி ஒருவனை அந்த நாட்களில் எந்தப் பஸ்ஸிலும் யாரும் ஏற்றியிருக்கக் கூடாது.

கம்பளை வருவதற்குச் சற்று முன்னால் சோதனைச் சாவடி. எல்லோரும் பைகளோடு இறங்கி வரிசையில் நின்றோம். இராணுவக் கோப்ரல் சாரத்தை விரித்துப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"மேக்க மொகக்த?" இது என்ன என்று கேட்கிறார்.

எனக்குச் சிங்களம் தெரியும் என்று நான் நம்பியிருந்த காலம் அது. நெஞ்சை நிமிர்த்தி, "வஸ மனின எக்க, மஹத்தயா," என்றேன். மழை அளக்கிற கருவி, ஐயா என்றுதான் சொன்னதாக நினைப்பு.

வரிசை கலைந்தது. கண்டக்டர் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினார். என் நெஞ்சுக்கு நேரே துப்பாக்கிகள். அந்த நாட்களில் சாவடியில் நிறுத்திவைக்கப்பட்டவர்களில் எல்லோரும் வீட்டுக்குத் திரும்பியதில்லை. அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது.

வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "ஏங்க, மழைன்னா வெஸ்ஸ. வஸன்னா விஷம். விஷம் அளக்குற மெஷின்னு சொல்லிட்டீங்களே!"

குரலுக்குரியவர் செல்வராணி, புசல்லாவைத் தோட்டப் பாடசாலை டீச்சர்; தோட்டத்தில் மழைமானியைப் பார்த்திருந்தவர். பேசாமல் நின்றிருந்தால் அவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் அவர் துப்பாக்கிகளுக்கு நடுவே வந்து, சரளமான சிங்களத்தில் கோப்ரலுக்கு எல்லாவற்றையும் விளக்கினார். கோப்ரலுக்குப் பாதி நம்பிக்கை. மிச்சப் பாதிக்கு நிரூபிக்கச் சொன்னார். டீச்சரின் தண்ணீர்ப் போத்தலை வாங்கி, கையை எட்ட நீட்டி, உருளைக்குள் தானே ஊற்றினார்.

மழைமானிக்குள் சின்னத் தட்டு ஒன்று உண்டு. தண்ணீர் நிறைந்தால் சாய்ந்து சத்தம் போடும். அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

டக்.

இராணுவம், பயணிகள் எல்லோரும் தரையில். முதலில் விழுந்தது யார் தெரியுமா? நான்தான்! (வெடிக்காது என்று ஊரிலேயே தெரிந்த ஒரே ஆள்!) விழுகிற வேகத்தில் உருளையையும் உதைத்துவிட்டேன். அது பெட்டியோடு சரிவில் உருண்டு வயல் வாய்க்காலுக்குள் போய் விழுந்தது. கண்ணைத் திறந்தபோது என் மூக்குக்கு முன்னால் ஒரு சோடிச் செருப்பு. டீச்சர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"தண்ணிதாங்க ஊத்துனாரு," என்றார்.

முதலில் சிரித்தது கோப்ரல். சீருடையில் மண்ணோடு உட்கார்ந்து, கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு இரண்டு சிப்பாய்களை வாய்க்காலில் இறக்கி மழைமானியை எடுப்பித்தார். அதைத் தன் கையாலேயே துடைத்துக்கொண்டு டீச்சரிடம் ஏதோ கேட்டார்.

"இவங்க ஊருல குளம் வத்திப்போச்சாம். அப்பா ரெண்டு போகமா விதைச்சதெல்லாம் கருகிருச்சாம். இனி எப்ப மழை வரும்னு இந்த மெஷின்ல பாத்துச் சொல்ல முடியுமான்னு கேக்குறாரு."

"அதைச் சொல்லாது. பெய்ஞ்சதைத்தான் அளக்கும்," என்றேன்.

டீச்சர் அதைச் சிங்களத்தில் சொன்னார். பெய்தது எங்களுக்கும் தெரியும்தானே என்று மெதுவாகச் சொல்லி, கோப்ரல் உருளையை என் கையில் தந்தார். இருபது வயதுதான் இருக்கும். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. பஸ் புறப்பட்டபோது கையசைத்தார். யுத்தம் முடிய அவர் ஊர் திரும்பினாரா, எனக்குத் தெரியாது. எந்த நாட்டு வயலில் நின்றாலும் விவசாயிகள் என்னிடம் கேட்பது அவருடைய கேள்வியைத்தான். இத்தனை வருடப் படிப்புக்குப் பிறகும் அரைப் பதில்தான் என்னிடம் இருக்கிறது.

திருப்பிக் கொண்டுவந்த வாய் நசுங்கிய மழைமானியைப் பார்த்துப் பேராசிரியர் சொன்னது ஒன்றுதான்: "திங்கட்கிழமை எண்டு சொன்னனான்."

நன்றி சொல்லப் புசல்லாவைக்குப் போனேன். சிங்களம் படிக்க மறுபடி போனேன். வேறு சாட்டுகள் தீர்ந்துபோனதும் பெண் கேட்டுப் போனேன். இன்றைக்கும் யாராவது வீட்டுக்கு வந்து, யாழ்ப்பாணத்து மாப்பிள்ளை எப்படி அகப்பட்டார் என்று கேட்டால் போதும். செல்வராணி தேநீரை ஆற்றிக்கொண்டே, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொல்வாள்:

"நான் ஒண்ணுமே பண்ணலங்க. மொத தடவ பாத்தப்பவே கால்ல விழுந்துட்டாரு."