ஐந்நூற்றெட்டாம் செதில்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. நம் கதை அந்தக் கரடியைப் பற்றியதல்ல. அதன் நுரையீரலுக்குள் இருந்த அழுங்கை, அதாவது உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புதின்னியைப் பற்றியது. அழுங்கு அங்கே எப்படிப் போச்சு என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

நுரையீரல் முழுக்கச் செல்கள். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு மதில். மதிலில் ஓர் அழுங்கு போய்ச் சுருண்டு படுத்தால், சுருளின் நடு ஓட்டைதான் உப்பு வெளியேறும் வாசல். உடம்பின் தூதனான தும்பி பறந்து வந்து 'திற' என்றால் திறக்க வேண்டும். உப்பு போனால், பந்தி போட்டாச்சு என்று கேட்ட சொந்தக்காரர் மாதிரி தண்ணீரும் பின்னாலேயே ஓடும். சளி இளகும். கரடி மூச்சு விடும்.

மதிலுக்குப் போகப் படிவத்தோடு வரிசையில் நின்றான் செதிலாண்டி என்ற புது அழுங்கு. ஆய்வாளர் கொக்கு ஒற்றைக் காலில் நின்று அவன் செதில்களை எண்ணியது.

"ஆயிரத்து நானூத்தி எண்பது இருக்கணும். ஐந்நூத்தி எட்டாவதைக் காணோமே?"

"பொறக்கும்போதே இல்லீங்கய்யா. ஆனா சுருண்டுக்குவேன். கொஞ்சம் மக்கர் பண்ணுவேன், திறந்துடுவேன்."

"ஆகாது."

"மதில்ல ஒருத்தருமே இல்லியாம். கரடி இருமிக்கிட்டே இருக்காம்யா!"

"காலி மதிலுக்கு என்னை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. ஓட்டை அழுங்கை அனுப்பினா கேப்பாங்க. நண்டுக்கிட்ட போ!"

நண்டுக்கிட்ட போவதென்றால் செதில் செதிலாகப் பிய்ந்து போவது. செதிலாண்டியின் அண்ணன்மார் அத்தனை பேரும் அதே ஓட்டையோடு அங்கே போனவர்கள்தான். அவன் வாலை இழுத்துக்கொண்டு நண்டின் பக்கம் நடந்தான்.

வெளியே தும்பி காலி மதிலைப் பார்த்து 'திற, திற' என்று கத்தித் தொண்டை கட்டிப்போனது. சளி பசையாக இறுகியது. மூச்சு முட்டிய கரடி குரங்கு வைத்தியரிடம் ஓடி ஒரு மாத்திரையை விழுங்கியது.

நண்டு கொடுக்கை விரித்த நேரம், மாத்திரையிலிருந்து ஒரு குளவி இறங்கி வந்தது. செதிலாண்டி முதுகில் செதில் இல்லாத ஓட்டையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

"இவரு நம்ம ஆளுங்க" என்றது கொக்கிடம்.

கொக்கு கழுத்தை நீட்டிப் பார்த்தது. "அடடே, ஐந்நூத்தி எட்டு இங்கேயேதானே இருக்கு! முன்னாடியே சொல்றதுக்கென்ன, தம்பி?"

முத்திரை விழுந்தது. செதிலாண்டி மதிலில் போய்ச் சுருண்டான். தும்பி கத்தியது, குளவி முதுகில் ஓர் உதை விட்டது, வாசல் திறந்தது. உப்பு போனது, தண்ணீர் துரத்தியது, கரடி கர்ரென்று ஒரு காறல் காறித் துப்பிவிட்டு நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தது.

கொக்கு அன்றே மேலிடத்துக்கு எழுதியது: 'எமது கண்டிப்பான ஆய்வினால் கரடி நலம்.'

நீதி: தகுதி பிறவியில் வருவது, சிபாரிசு வெளியிலிருந்து வருவது. பின்னதைக் காலை, மாலை இருவேளையும் சாப்பாட்டுக்குப் பின் எடுத்துக்கொள்ளவும்.